சரக்கு எண் 417

தாலின் துறைமுகம் எதிரே, மூன்றாம் மாடி,
கடல் வரைபடப் பிரிவு.
என் கையில் படிவம்.
'கழிக்கலாம்' என்று ஒரு கட்டம்,
'வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு கட்டம்,
காரணம் எழுத ஒன்றரை வரி.

லீவி ஸ்விட்சைப் போட்டாள்.
"காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்றாள்.
உபசாரம் என்று நினைத்தேன்.
இல்லை, அதற்கு இப்போதெல்லாம் விடிய
இருபது நிமிடம் ஆகிறது.
முதலில் ஒரு பழுப்பு,
பழுப்புக்குள் மெல்லக் கரையோரம்,
அப்புறம்தான் எண்கள், ஆழங்கள்.
முதுகில் விசிறி
கூட்டத்தில் இருமலை அடக்குகிறவர் போல.

நான்கு கேபிள்களில் ஒன்று தளர்ந்தால்
படத்தில் கால்பங்கு போய்விடும்.
ஹியூமா தீவு பாதியில் முறிந்து நிற்கும்.
மேசைக்கடியில் முழங்காலால் ஒரு இடி.
தீவு திரும்பி வரும்.

வாங்கியது இரண்டாயிரத்து மூன்றில்,
இன்னும் குரூன் செலவழித்த காலம்.
ஒரு காரின் விலை. காரை விற்றாயிற்று,
அதற்கடுத்த காரையும்.
தொண்ணூற்றிரண்டு லட்சம் புள்ளிகள்
இருபத்திரண்டு அங்குலத்தில்.
சுமந்துவந்த ஆள்
கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து
விரலில் ஈரம் இருக்கிறதா என்று
பார்த்தானாம்.

அதில் ஒன்று செத்தது
பதினொன்றாம் வருடம், வலது மேல் மூலையருகே.
ஒன்றுதானே என்று விட்டார்கள்.
அந்தக் கோடையில் பயிற்சிக்கு வந்த உர்மாஸ்
வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில்
அதைப் பாறை என்று குறித்துவிட்டான்.
திங்களன்று ஒரு படகு போனது.
இரண்டு மணிநேரம் சுற்றியது.
பதினேழு மீட்டர் தண்ணீர்.
பதிவேட்டில் படகோட்டி எழுதினார்:
'பாறை இல்லை. ஒரு கடல்நாய் இருந்தது.
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.'

அன்றிலிருந்து லீவி
எந்தக் கரும்புள்ளியைக் கண்டாலும்
படத்தை அரை அங்குலம் நகர்த்துவாள்.
கூடவே வந்தால் பாறை.
வராமல் நின்றால் 417.

புதியதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன்.
இருபத்தேழு அங்குலம், காகிதத்தட்டு மாதிரி இலேசு,
போட்டதும் எரிந்தது.
ஆனால் எண்ணிப் பார்த்தால்
புள்ளிகள் ஒன்பது லட்சம் குறைவு.
இதைச் சொல்ல எனக்கே கூச்சம்.
"யாரும் எண்ணமாட்டார்கள்" என்றேன்.
"நான் எண்ணுவேன்" என்றாள்.

அளவுகருவியைத் திரையில் ஒட்டினேன்.
பிறந்தபோது இருந்த வெளிச்சத்தில்
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில்
ஆறிய டீ.
"மஞ்சளா? எங்கே?"
உண்மையாகவே தேடினாள்.
பிறகு ஏதோ நினைவு வந்து
வலது கண்ணைப் பொத்தினாள்.

இடது கண்ணுக்கு
வசந்தத்தில்தான் புரை எடுத்து
புது லென்ஸ் வைத்திருந்தார்கள்.
"ஆமாம்" என்றாள். "மஞ்சள். ரொம்ப."
கையை மாற்றினாள். "இல்லை, வெள்ளைதான்."
மறுபடி மாற்றினாள்.
நான் படிவத்தோடு நிற்க,
கதவருகே யாரோ சிரிக்க,
அவள் பாட்டுக்கு
மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு
ஒரே கடலை இரண்டு கடலாகப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலதுக்கு எப்போது?"
"நவம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள்."

ஜன்னலுக்கு வெளியே ஹெல்சிங்கி கப்பல்
வெள்ளையாகத் திரும்பியது.
நானும் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன்,
யாரும் கவனிக்காதபோது.
வித்தியாசம் இல்லை.
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

காரணத்தில் என்ன எழுதினேன் என்பது
படிவத்தில் இருக்கிறது.
கிளம்பும்முன் நான்தான் அணைத்தேன்.
விசிறி நின்றது.
கறுத்த கண்ணாடியில் குனிந்து தேடினேன்.
வலது மேல் மூலை, அங்கேதான் எங்கோ.
எல்லாம் அணைந்தபின்
செத்த ஒன்று எதுவென்று
கண்டுபிடிக்க முடியவில்லை.